தாய்க்கூடையின் பதினெட்டாவது குறி

எத்தெல்கா சுத்தியலைத் தூக்கினால் கோன்ஸ் ஊர்க் கோழிகள் முட்டையிடுவதைப் பாதியில் நிறுத்திவிட்டுக் காது கொடுக்கும். சந்தேகம் உள்ளவர்கள் கோழிகளிடம் விசாரித்துக்கொள்ளலாம். பீப்பாயின் மேல் இரும்புப் பட்டையை இறக்கும்போது அவள் மூன்று அடி அடிப்பாள், ஒரு எட்டு நகர்வாள், மறுபடி மூன்று அடி அடிப்பாள். ஊரில் மற்ற ஏழு மேஸ்திரிகளும் அப்படித்தான் அடித்தார்கள். ஆனால் அவர்கள் அடித்தது அடி, இவள் அடித்தது பேச்சு. பட்டை பலகையைக் கவ்விப் பிடித்ததா இல்லையா என்று தெருமுனையில் நின்றே சொல்லிவிடலாம்.

அவள் பிறந்தது ஊருக்கு மேலே, செம்ப்ளேன் மலையின் ஓக் காட்டில். அப்பா பலகை பிளப்பவர். அறுப்பவர் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். ரம்பம் மரத்தின் நரம்பைக் குறுக்கே வெட்டிவிடும், ஆப்போ நரம்பின் வழியிலேயே போகும். நரம்பு வெட்டுப்பட்ட பலகையில் ஒயின் கசியும். எத்தெல்கா எழுத்துப் படிப்பதற்கு முன்பே மரம் படித்தவள். ஆறு வயதில் ஒரு மரத்தைத் தட்டிப் பார்த்து, இது உள்ளே முறுக்கிக்கொண்டிருக்கிறது, வெட்டாதீர்கள் என்றாளாம். அப்பா கேட்காமல் வெட்டினார். உள்ளே மரம் கயிறு போல் முறுக்கியிருந்தது. அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு அணில் மேலே ஏறிப் போயிற்று என்பது நான் சேர்த்தது. மீதியெல்லாம் உண்மை.

பத்தொன்பது வயதில் பெனெடெக்கைக் கட்டிக்கொண்டு கோன்ஸுக்கு வந்தாள். பெனெடெக் பீப்பாய் மேஸ்திரி. சாதுவான மனிதர், பேச்சைவிட வேலை அதிகம். அந்தப் பட்டறையில் பதினோரு வருடம் அவள் அவரோடு நின்றாள். பலகை சீவினாள், நெருப்பு வைத்தாள், பட்டையின் இரு முனைகளையும் சேர்த்துத் தறையாணி அடித்தாள். அவர் முடித்த ஒவ்வொரு பீப்பாயின் முகத்திலும் அவருடைய குறியைச் சுட்டு வைக்கும் வேலையும் அவளுடையதுதான். நாரையின் கால், முன்னால் மூன்று விரல். பிறகு ஒரு திராட்சைப் பருவத்தில் ஹெர்னாத் ஆற்றில் வண்டியோடு இறங்கி நனைந்து வந்தவர், காய்ச்சலில் படுத்தார், எழவில்லை.

ரயில் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காத காலம் அது. பீப்பாய்க்காரர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. சங்கத்துக்கு ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஒரு புத்தகம், புத்தகத்துக்குள் சட்டம். மேஸ்திரி செத்தால், கூலிக்கு ஓர் ஆண் தொழிலாளியை வைத்துக்கொண்டு அக்டோபர் கடைசியில் வரும் அடுத்த சீமோன் யூதா திருநாள் வரை விதவை பட்டறையை நடத்தலாம். அதற்குள் சங்கத்திலேயே ஒருவரைக் கட்டிக்கொள்ள வேண்டும், அல்லது உலையை அணைத்துச் சூட்டுக்கோலைப் பெட்டியில் ஒப்படைத்துவிட வேண்டும்.

எத்தெல்கா வைத்துக்கொண்ட ஆண் தொழிலாளி காஷ்பார் கிழவர். வயது எண்பதா எண்பத்தைந்தா என்று அவருக்கே நிச்சயமில்லை. ஐம்பது வருடப் பட்டைச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. காலையில் வந்து உலைக்குப் பக்கத்தில் உட்காருவார், உட்கார்ந்தபடியே ஆண் தொழிலாளியாக இருப்பார், சாயங்காலம் எழுந்து போவார். சட்டத்துக்கு அது போதும்.

மாப்பிள்ளைகளும் வந்தார்கள். சங்கத்தில் மனைவியை இழந்தவர்கள் இரண்டு பேர், மனைவியே கிடைக்காதவர் ஒருவர். முதலாமவர் வாத்து கொண்டுவந்தார். எத்தெல்கா வாத்தை வாங்கிக்கொண்டு அவரை அனுப்பிவிட்டாள். இரண்டாமவர் அதைக் கேள்விப்பட்டு வெறுங்கையோடு வந்தார். அவரை வாத்தே துரத்திவிட்டது. மூன்றாமவர் தெருவோடு நின்று வாத்தைப் பார்த்தார், வாத்து அவரைப் பார்த்தது, அதோடு முடிந்தது.

மே மாதத்தில் ஒருநாள் அவள் சங்கத் தலைவர் கெலெமென் வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் படிக்கக் கேட்டாள். கெலெமென் மோசமான ஆள் இல்லை. பெரிய மீசை, பெரிய சாவிக்கொத்து, சங்கம் என்றால் தன் முதுகெலும்பு என்று நினைப்பவர். விதவை சட்டத்தைத் தெரிந்துகொள்ள வந்திருக்கிறாள், நல்லதுதானே என்று கொடுத்தார். அவள் அவர் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தாள். நடுவில் ஒரு வரியில் விரலை வைத்தாள். ஒரு மேஸ்திரியின் பட்டறையில் ஏழு வருடம் வேலை செய்தவர், தன் கையால் ஒரு பீப்பாயும் ஒரு கூடையும் செய்து காட்டி, தேறினால் மேஸ்திரி. அதை எழுதியவர்களுக்கு ஒரு பெண் வந்து நிற்பாள் என்று தோன்றவே இல்லை. அதனால் தடுத்தும் வைக்கவில்லை.

“அது ஆம்பளைங்களுக்கு எழுதினது தங்கச்சி” என்றார் கெலெமென்.

“இருக்கட்டும் அண்ணே. அப்படிப் போட்டிருக்கிற வரியைக் காட்டுங்க, நான் வீட்டுக்குப் போயி சூப்பைக் கிண்டுறேன்.”

கெலெமென் பக்கங்களைப் புரட்டினார். மத்தியானச் சாப்பாடு ஆறியது. அவர் மனைவி இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனாள். அந்த வரி கிடைக்கவில்லை. கடைசியில், சீமோன் யூதாவுக்கு முந்திய வாரம் பரீட்சை, ஒன்பது நாள் அவகாசம், பட்டறைக் கதவு திறந்தே இருக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார். தோற்றால் அன்றைக்கே உலை அணையும், சூட்டுக்கோல் பெட்டிக்குள் போகும் என்பதையும் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு நேராகக் கொல்லன் வீட்டுப் பக்கம் நடந்தாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

பீப்பாயையும் கூடையையும் பற்றி இங்கே இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். தொக்காய் மலைச்சரிவுகளில் கொடியிலேயே வாடிச் சுருங்கிய திராட்சையை ஒவ்வொன்றாகக் கிள்ளி முதுகில் மாட்டிய கூடையில் போடுவார்கள். கூடை என்றால் மூங்கிலோ பிரம்போ இல்லை, பலகைக் கூடை. பதினாறு ஓக் பலகைகளை நிறுத்தி மூன்று இரும்புப் பட்டை போட்டது. அடி குறுகல், வாய் அகலம், முதுகில் படியும் பக்கம் மட்டும் தட்டை. ஒரு கோன்ஸ் பீப்பாய்ச் சாற்றில் எத்தனை கூடை சுருங்கிய திராட்சை விழுந்ததோ அதுதான் அந்த ஒயினின் பெயர். மூன்று கூடை ஒயின் விருந்தாளிக்கு. ஐந்து கூடை ஒயின் ராஜாக்களுக்கு.

பரீட்சையில் பீப்பாயை அளக்கச் சங்கக் கட்டடத்தின் கதவில் ஒரு இரும்பு வளையம் தொங்கியது. பீப்பாயின் வயிறு அதற்குள் உரசிக்கொண்டு போக வேண்டும். கூடையை அளக்கச் சங்கத்தில் தாய்க்கூடை இருந்தது. தாய்க்கூடையில் தண்ணீர் நிரப்பிப் புதுக் கூடையில் ஊற்றினால் விளிம்பு வரை வர வேண்டும், வழியவும் கூடாது. ஊரில் உள்ள அத்தனை கூடைகளும் அந்தத் தாய்க்குப் பிறந்தவைதான்.

அக்டோபரில் பரீட்சை தொடங்கியது. முதல் நாளே பட்டறை வாசலில் ஊர் கூடிவிட்டது. எத்தெல்கா பலகைகளை எடுத்துப் போட்டாள். பெனெடெக் பிளந்து, மூன்று வருடம் மழையிலும் வெயிலிலும் அடுக்கி வைத்திருந்த பலகைகள். ஆள் உயர இழைப்புளியைக் கவிழ்த்துச் சாய்த்துப் போட்டு, அதன் வாயில் பலகையைத் தள்ளி ஓரம் சீவினாள். எங்கள் தொழிலில் இழைப்புளி நகராது, மரம்தான் நகரும். வாசலில் நின்றவர்கள் சும்மா இருக்கவில்லை. சூப்புக்கு வெங்காயம் அரிகிறாளா என்று ஒருவர் கேட்டார். அரிந்த சீவலை அவள் எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அதன் வழியாக அவர் தன் வீட்டைப் பார்த்தாராம், மனைவி வாசலில் துடைப்பத்தோடு நிற்பது தெரிந்ததாம், உடனே கிளம்பிவிட்டார்.

மூன்றாம் நாள் பலகைகளை ஒரு பட்டைக்குள் வட்டமாக நிறுத்தினாள். பாவாடை விரித்தாற்போல் கீழே அகன்று நின்றது. நடுவில் இரும்புக் கூட்டில் சீவல் நெருப்பு வைத்து, வெளியே தண்ணீர் தடவி, கயிற்றைச் சுற்றி உருளையால் இறுக்கினாள். ஓக் மரம் முனகிக்கொண்டே வளைந்தது. நான்காம் நாள் ஒரு பலகை படாரென்று விரிந்தது. அதை உருவிப் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் வேறு பலகை சீவ உட்கார்ந்தாள். பெண்கள் ரொட்டியில் பன்றிக்கொழுப்பும் வெங்காயமும் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவள் நின்றுகொண்டே தின்றாள். ஆறாம் நாள் பீப்பாய் நின்றது. பலகை சேரும் இடங்களில் கோரை இழை வைத்து, முகப்பலகை அடைத்து, பட்டைகளை இறக்கி முடித்தாள்.

ஏழாம் நாள் கூடை. பெனெடெக்கின் அளவுக் குச்சி சுவரில் தொங்கியது, தாய்க்கூடையிலிருந்து அவர் எடுத்த அளவு. அதை வைத்துக் கூடையையும் மதியத்துக்குள் முடித்துவிட்டாள். முதுகுப் பக்கத்தின் தட்டையைப் பட்டை பிடிக்காது, வளைவைத்தான் பிடிக்கும். அதனால் அந்தப் பலகைகளுக்குள் மர ஆணி கோத்து, அந்த முதுகை நகக்கண் அளவு வெளியே புடைக்க விட்டாள். நல்ல கூடை. அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்தக் கதையும் நின்றிருக்கும்.

ஆனால் அவள் புத்தகம் படித்தவள். பீப்பாயும் கூடையும் என்ற வரிக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது: ஐந்து கூடை தண்ணீர், ஒரு பீப்பாய், மிச்சமும் இல்லை குறையும் இல்லை. இது ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் யாரும் ஊற்றிப் பார்த்ததில்லை. எத்தெல்கா கிணற்றிலிருந்து இறைத்து ஊற்றிப் பார்த்தாள். ஐந்து கூடையும் உள்ளே போன பிறகு, பீப்பாய் வயிற்றில் ஒயின் ஊற்றும் அடைப்பு ஓட்டையில் விரலை விட்டாள். தண்ணீர் எட்டவில்லை. குச்சி விட்டுப் பார்த்தாள். ஒரு சாண் குறைந்தது.

பீப்பாயில்தான் தப்பு என்று முதலில் நினைத்தாள். சங்கக் கதவின் வளையத்துக்குப் பெனெடெக் எடுத்து வைத்த நகல் வளையத்தை மாட்டிப் பார்த்தாள். உரசிக்கொண்டு போயிற்று. நீளமும் சரி. பெனெடெக் செய்த பழைய கூடையில் ஊற்றினாள். அதே சாண். பக்கத்து மேஸ்திரியின் கூடையை இரவல் வாங்கி ஊற்றினாள். அதே சாண். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வெகுநேரம் அந்தக் கூடைகளைப் பார்த்தாள். இரும்பு வளையம் தேயாது. தேய்ந்தது வேறு ஏதோ.

காஷ்பார் கிழவருக்குக் காதுதான் மந்தம். உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாம் பார்த்துவிட்டார். தாய்க்கூடை தப்பு என்று சொல்லிக்கொண்டு போனால் ஏழு மேஸ்திரிகளும் சேர்ந்து அவளை ஆற்றில் இறக்குவார்கள் என்றார். கையில் இருக்கும் கூடை தாய்க்கூடைக்கு ஒத்துப்போகிறது, அதைக் கொண்டுபோய் வைத்தால் நாளை மறுநாள் அவள் மேஸ்திரி.

“முதல்ல குறியை வாங்கிக்க தாயி. ஊரைத் திருத்துறதை அப்புறம் பாத்துக்கலாம்.”

“பொய்க்கூடையைக் குடுத்து வாங்கின குறியை, அப்புறம் எந்தப் பலகையில பெரியப்பா நான் சுடுறது?”

கிழவர் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பட்டறையில் சாயங்காலத்துக்கு முன்பே எழுந்து, உலையைக் கிளறிவிட்டார்.

எத்தெல்கா பட்டைகளைத் தட்டிக் கழற்றினாள். முடிந்த கூடை பதினாறு பலகையாகத் தரையில் சரிந்தது. வாசலில் நின்றவர்கள் அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று கெலெமெனிடம் ஓடினார்கள். அவள் பதினேழாவது பலகை ஒன்று சீவினாள், புது அடிப்பலகை வெட்டினாள், புதுப் பட்டை மூன்றுக்குத் தறையாணி அடித்தாள். ஒன்பதாம் நாள் மத்தியானம் ஐந்து கூடை ஊற்றிப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, தலைக்குப் புதுத் துணி கட்டினாள்.

பரீட்சை சங்கக் கட்டடத்தின் முற்றத்தில், கிணற்றுக்குப் பக்கத்தில். ஏழு மேஸ்திரிகள் ஒரே பெஞ்சில். டோல்ச்வா ஊரிலிருந்து திராட்சைத் தோட்டக்காரர் தோபியாஷும் வந்திருந்தார். அறுவடை வருகிறது, நாற்பது கூடை வாங்க வந்தவர். தோபியாஷுக்கு இருபது வருடமாக ஒரே குறை: அவர் தாத்தா காலத்து ஐந்து கூடை ஒயின் நாக்கில் தேனாக நிற்குமாம், இப்போது அந்த இனிப்பு இல்லை. மழையைத் திட்டினார், மண்ணைத் திட்டினார், பாதிரியாரின் மந்திரிப்பில் குறை சொன்னார். கடைசியில், பறிக்கிறவர்கள் தின்றுவிடுகிறார்கள் என்று முடிவுகட்டி, கூடையை மாட்டியவர்கள் எல்லோரும் பறிக்கும்போது சீட்டியடிக்க வேண்டும் என்று விதி போட்டார். சீட்டியடிக்கிற வாய் தின்னாது. அவர் தோட்டத்துக் குருவிகள் அந்தச் சீட்டியைக் கேட்டு வெட்கப்பட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடிபோய்விட்டன.

பீப்பாயை முதலில் எடுத்தார்கள். கொதிக்கும் தண்ணீரை ஊற்றி அடைத்து உருட்டினார்கள். உள்ளே ஆவி முட்டியது, வெளியே ஒரு துளி இல்லை. கெலெமென் ஒவ்வொரு மூட்டிலும் மீசையை வைத்துப் பார்த்தார், மீசை நனையவில்லை. வளையம் உரசிக்கொண்டு இறங்கியது. பெஞ்சில் இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

பிறகு தாய்க்கூடையைத் தூக்கி வந்தார்கள். நிரப்பி, எத்தெல்காவின் கூடையில் ஊற்றினார்கள். தண்ணீர் விளிம்புக்கு மூன்று விரல் கீழே நின்றுவிட்டது.

சிரிப்பு கிளம்பியது. வாத்துக்காரர்தான் பெரிதாகச் சிரித்தார். கெலெமென் சிரிக்கவில்லை. பீப்பாயைப் பார்த்த பிறகு அவருக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

“கூடை பெருசாப் போச்சே தங்கச்சி.”

“அண்ணே, புஸ்தகத்துல அதுக்கு அடுத்த வரியைப் படிங்க.”

அவர் படித்தார். ஐந்து கூடை, ஒரு பீப்பாய். அதற்கென்ன, தெரிந்ததுதானே என்றார். ஊற்றிப் பார்க்கலாமே என்றாள் அவள். முதலில் அவளுடைய கூடை. ஐந்தாவது கூடையின் கடைசித் துளி அடைப்பு ஓட்டையின் விளிம்பில் பயறு மணி அளவுக்கு உருண்டு நின்றது. விழவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. ஊர் முழுவதும் அந்தத் துளியைப் பார்த்துக்கொண்டிருந்தது. கவிழ்த்துக் கொட்டிவிட்டு, தாய்க்கூடையால் ஊற்றினார்கள். ஐந்தாவது கூடை முடிந்ததும் கெலெமென் குச்சியை விட்டார். எடுத்தார். துடைத்துவிட்டு மறுபடி விட்டார். ஒரு சாண்.

முற்றத்தில் தோபியாஷ்தான் மெதுவாகக் கணக்குப் போட்டு முடித்தார்.

“அப்போ என் ஆளுங்க தின்னலையா?” என்றார். “இருபது வருஷமா சும்மாவா சீட்டியடிச்சாங்க?”

கெலெமென் எழுந்து, மேஸ்திரிகள் மட்டும் உள்ளே வரட்டும் என்றார். எத்தெல்காவையும் கூப்பிட்டார். தாய்க்கூடையையும் உள்ளே எடுத்துப் போய்க் கதவைச் சாத்தினார்கள். உள்ளே அவர் முகம் சுண்ணாம்பாக இருந்தது. இந்தச் சரிவு முழுக்க ஓடும் கூடைகள் ஆயிரம் இருக்கும், அத்தனையிலும் நம் குறி இருக்கிறது என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

“ஒரு பலகையைக் குறைச்சுக் கொண்டா. நாளைக்குக் காலையில குறி உன்னோடது. யாரும் எதுவும் பாக்கல.”

“தோபியாஷ் ஐயா பாத்தாரே.”

“அவரு ஒயின்காரரு. ரெண்டு கோப்பை உள்ள போனா பாத்ததெல்லாம் போயிடும்.”

“நான் இங்கதான் நிக்கிறேன் கெலெமென்” என்றது கதவுக்கு வெளியே இருந்து ஒரு குரல்.

எத்தெல்கா குறைக்க மாட்டேன் என்றாள். கூடையை அடுப்பில் வைத்தாலும் வைப்பேன், குறைக்க மாட்டேன். சொல்லிவிட்டு, தாய்க்கூடையைத் தொடாமல் அதன் பக்கத்தில் குனிந்து விரலால் காட்டினாள். மூன்று பட்டைகளுக்குக் கீழேயும் மரத்தில் துருக்கோடுகள் இருந்தன. ஒன்று இல்லை, பல, ஒன்றின்மேல் ஒன்றாக. பட்டை ஒரு காலத்தில் உட்கார்ந்திருந்த இடம் கீழே, இப்போது உட்கார்ந்திருக்கும் இடம் இரண்டு விரல் மேலே. அடி குறுகி வாய் அகன்ற கூடையில், பலகை மெலிந்தால்தான் பட்டை மேலே ஏறும்.

பிறகு முதுகுப் பலகையைக் காட்டினாள். அதில் பதினேழு குறிகள். கோன்ஸில் புதிதாக மேஸ்திரி ஆகும் ஒவ்வொருவரும் முதல் வேலையாகத் தாய்க்கூடையைக் கழற்றி, பலகை ஓரங்களைச் சுத்தமாகச் சீவி, மறுபடி இறுக்கித் தன் குறியைச் சுட வேண்டும். அது மரியாதை. வாழ்நாளில் ஒரு தடவைதான், ஒருமுறை கழற்றியவர் மறுபடி கழற்றக் கூடாது. பதினேழு பேர், ஒவ்வொருவரும் பதினாறு பலகையின் இரண்டு ஓரத்திலும் ஒரு காகிதத் தடிமன் எடுத்திருக்கிறார்கள். கெலெமெனின் சாவிக் குறி ஒன்பதாவது. கடைசியில் நாரைக்கால், மூன்று விரல்.

அந்தக் குறியின்மேல் அவள் விரல் கொஞ்சம் அதிக நேரம் நின்றது.

“யாரும் திருடலண்ணே. எல்லாரும் ஒழுங்காத்தான் வேலை செஞ்சீங்க. என் வீட்டுக்காரரும் ஒழுங்காத்தான் செஞ்சாரு. அத்தனை ஒழுங்கையும் கூட்டினா ஒரு பலகை காணோம்.”

அந்த வார்த்தைக்குப் பிறகு பெஞ்சுக்காரர்களின் தோள் கொஞ்சம் இறங்கியது. திருடன் பட்டம் இல்லை என்றால் மனிதன் யோசிக்க ஆரம்பிப்பான். சரி, தாயைத் திருத்திவிடலாம், ஒரு பலகை சேர்த்தால் ஆயிற்று என்றார் கெலெமென். நானே செய்கிறேன் என்று சுத்தியலுக்குக் கை நீட்டியவர், தன் சாவிக் குறியைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். வாத்துக்காரரைப் பார்த்தார். அவர் குறி பன்னிரண்டாவதாக இருந்தது. ஏழு பேரும் குனிந்து, தேவாலயத்தில் தங்கள் இருக்கையைத் தேடுவதுபோல் தங்கள் குறியைத் தேடினார்கள். எல்லோருடையதும் இருந்தது. அந்த அறையில் தாய்க்கூடையைக் கழற்றாத கை ஒன்றுதான்.

மேஸ்திரி அல்லாதவர் தாய்க்கூடையைத் தொடக் கூடாது என்பதும் சட்டம்.

கதவுக்கு வெளியே தோபியாஷ், தாய் சரியாகாமல் கோன்ஸ் கூடை ஒன்றுகூட வாங்கப்போவதில்லை, ஆறு நாளில் அறுவடை என்று யாரிடமோ சொல்வதுபோல் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கெலெமென் மீசையை முறுக்கினார், பிரித்தார், மறுபடி முறுக்கினார். சங்கத்தின் முதுகெலும்பு அவ்வளவு சீக்கிரம் வளையாது, நெருப்பும் தண்ணீரும் வேண்டும்.

“சரி. இந்த நிமிஷத்துலேருந்து நீ மேஸ்திரி. பலகையைச் சேர்த்துப் பட்டையை அடி. மூணு பட்டையும் அந்தப் பழைய முதல் கோட்டுல தானா வந்து உக்காந்தா, சாகுற வரைக்கும் நீ மேஸ்திரி. உக்காரலன்னா சாயங்காலம் உலையை அணைச்சிடணும். சம்மதமா?”

“சம்மதம்” என்றாள். “முற்றத்துல வெச்சுத்தான் அடிப்பேன்.”

பெனெடெக் அடுக்கி வைத்த பலகைகளில் ஒன்றைக் காஷ்பார் கிழவர் தோளில் வைத்துக் கொண்டுவந்தார். எத்தெல்கா தாய்க்கூடையைக் கழற்றினாள். பழைய பலகைகளின் ஓரத்தில் இழைப்புளி படவே விடவில்லை, துணியால் துடைத்தாள், அவ்வளவுதான். புதுப் பலகையைத் தன் கூடையின் பதினேழாவது பலகை அளவுக்குச் சீவினாள். அடிக்குப் புது வட்டம் வெட்டினாள். கூடையைக் கவிழ்த்து நிறுத்தி, அடிப் பட்டையைப் போட்டு மூன்று அடி, ஒரு எட்டு, மூன்று அடி. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததால் காற்றுகூட ஓரமாக நின்றது. அடிப் பட்டை நகர்ந்து நகர்ந்து பழைய துருக்கோட்டின்மேல் ஏறி நின்றது. இன்னும் மூன்று அடித்தாள். நகரவில்லை. வாய்ப் பட்டையும் அப்படியே நின்றது.

நடுப்பட்டை கோட்டுக்கு ஒரு விரல் முன்னாலேயே நின்றுவிட்டது.

கெலெமென் குனிந்தார். “நின்னுடுச்சு தங்கச்சி.”

“நிக்கலண்ணே. மூச்சு வாங்குது.”

அவள் வேகமாக அடிக்கவில்லை. சுத்தியலைக் கொஞ்சம் தாழப் பிடித்து, புதுப் பலகைக்கு நேர் எதிரே, தட்டையான முதுகுப் பக்கத்தில் போய் நின்று மூன்று அடி கொடுத்தாள். அங்கே பட்டை மரத்தைத் தொடாமல் தொங்கிக்கொண்டிருந்ததை அவள் காது முன்பே சொல்லியிருந்தது. மரத்தட்டலாக இருந்த சத்தம் மணிச் சத்தமாக மாறியது. காது கேளாத காஷ்பார்கூட நிமிர்ந்தார். பட்டை அந்த ஒரு விரலைத் தாண்டி, துருக்கோட்டின்மேல் உட்கார்ந்தது. பிறகு அவள் சுற்றிச் சுற்றி அடித்தும் ஒரு மயிரிழை நகரவில்லை.

ஐந்து கூடை ஊற்றினார்கள். ஐந்தும் பீப்பாயை நிரப்பின.

குறி சுடுவதுதான் மீதி. கெலெமென், பெனெடெக்கின் சூட்டுக்கோலை வைத்தே சுடலாம், விதவைக்கு அந்த உரிமை உண்டு என்றார். எத்தெல்கா இடுப்பில் கட்டிய வேலைத்துணிக்குள் கையை விட்டு ஒரு கோலை எடுத்து நெருப்பில் வைத்தாள். பெனெடெக்கின் கோல்தான். ஆனால் முன்னால் மூன்று விரலோடு, பின்னால் புதிதாக ஒரு விரல் பற்றவைத்திருந்தது. பின்விரல் இல்லாவிட்டால் நாரை கிளையைப் பிடித்து நிற்க முடியாது, அதனால் வைத்தேன் என்றாள். நாரைக்காலுக்கு அடுத்து நாரைக்கால், பதினெட்டாவது குறி, புகைந்துகொண்டு பதிந்தது.

கெலெமென் அந்தக் கோலை உற்றுப் பார்த்தார். “இதை எப்ப அடிச்சே?”

“மே மாசம். புஸ்தகத்தைப் படிச்ச அன்னிக்கு.”

சீமோன் யூதாவுக்கு அறுவடை தொடங்கியது. தோபியாஷ் தன் ஆட்களைக் கூப்பிட்டு, இனி யாரும் சீட்டியடிக்க வேண்டாம், வேண்டுமானால் இரண்டு தின்னுங்கள் என்று சொன்னாராம். இருபது வருடப் பழக்கம், அவர்களால் நிறுத்த முடியவில்லை. சீட்டியடித்துக்கொண்டே பறித்தார்கள், தின்ன வாய் வரவில்லை.

அதற்கு முன்னால், சூடு போட்ட மறுநாள் விடியலிலேயே கோன்ஸ் தெருவில் ஒரு வரிசை நின்றது. முதுகில் கூடை, கையில் அதில் சேர்க்க ஒரு பலகை, தாய்க்கூடையிலிருந்து புது அளவு எடுத்து வைத்திருந்த எத்தெல்காவிடம் அளவுக் குச்சி வாங்க வந்தவர்கள். அவள் உலையை ஊதிக்கொண்டிருந்தாள். கெலெமென் தலைவராயிற்றே என்று நேராக உள்ளே வந்தார். முதுகில் அவர் தந்தை செய்த கூடை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. “வரிசையில நில்லுங்க அண்ணே” என்றாள்.

அவர் போய் வாத்துக்காரருக்குப் பின்னால் நின்றார்.